நாளும் நிலமும்

புதிய நாட்டில் குடியேறுவோர் முதற்கண் அறிய வேண்டியவை இரண்டு. அங்கே பொழுது எப்போது புலர்ந்து எப்போது சாய்கிறது என்பது ஒன்று. எந்த வழி எங்கே செல்கிறது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் அறியாதவர் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் அந்நாட்டிற்கு விருந்தினரே. இந்த உண்மையை நம் பிள்ளைகள் நமக்கு முன்னரே கற்றுவிட்டனர். ஆனால் அவர்கள் கற்றது நம் தீவில் அன்று, மாய நாட்டில்.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கம்பி இணைப்பு வந்த பின், அபர்டீன் பஜாரின் வீடுகளிலும் இணைய விளையாட்டுகள் இடம்பிடித்துவிட்டன. வீண்பொழுது என்று கடிந்துகொள்ளும் பெற்றோர் பலர். கடியுமுன் பிள்ளைகள் அங்கே என்ன செய்கின்றனர் என்று சற்று நோக்குதல் நன்று.

மாய நாட்டுக் கணக்கு

இவ்வகை விளையாட்டுகளுள் முன்னோடிகளில் ஒன்றான 'எவர்க்வெஸ்ட்' 1999 மார்ச்சில் அமெரிக்காவில் வெளிவந்தது. பலர் ஒரே காலத்தில் புகுந்து உலவும் கற்பனை உலகம் அது. அங்கே ஒரு மணி என்பது நமக்கு 3 நிமிடம். ஒரு முழு நாள் 72 நிமிடம். நமக்கு ஒரு நாள் கழிவதற்குள் அங்கே 20 நாட்கள் ஓடிவிடும். பொழுதறிதல் அங்கே வெறும் அலங்காரமன்று. கித்திக்கோர் என்னும் காட்டைப் பகலில் ஓரளவு அச்சமின்றிக் கடக்கலாம். இருட்டிவிட்டாலோ பேய்க்கூட்டம் எழுந்துவிடும். கணக்குத் தவறியவன் மடிவான்.

அவ்விளையாட்டு வெளிவந்தபோது அதனுள் நிலப்படம் இல்லை. ஆடுவோர் தாம் நிற்குமிடத்தைக் காட்டும் எண்களைக் கேட்டறிந்து, ஒவ்வோர் இடமாகக் குறித்து, கோடிழுத்துத் தாமே படம் வரைந்தனர், பிறருக்கும் வழங்கினர். 2003இல்தான் ஆட்டத்தினுள்ளேயே படம் சேர்க்கப்பட்டது. பின்னர் வந்த 'மைன்கிராஃப்ட்' என்னும் விளையாட்டில் ஒரு நாள் 20 நிமிடம். அதில் கையிலெடுக்கும் படத்தாள் முதலில் வெறுமையாகவே இருக்கும்; ஆடுபவன் சென்று பார்த்த நிலம் மட்டுமே அதில் பதியும். சென்று காணாத நிலம் படத்தில் ஏறாது என்பது எத்துணை நல்ல பாடம்!

நம் தீவின் பொழுது

இனி நம் கதைக்கு வருவோம். இருப்புப்பாதையே இல்லாத இத்தீவில் ரயில்வே எழுத்தராயிருக்கும் நமக்கு நேரக் கணக்கில் தனி ஈடுபாடு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்திய ரயில்கள் சென்னை வானாய்வுக் கூடத்து நேரத்தைப் பின்பற்றி ஓடின. அந்நாளில் போர்ட் பிளேருக்குத் தனி நேரம் இருந்தது. அது சென்னை நேரத்தினும் ஏறத்தாழ 50 நிமிடம் முந்தியது. 1906இல் இந்தியா முழுமைக்கும் ஒரே பொது நேரம் வந்தபோது நம் தீவின் நேரம் மறைந்தது. கடிகாரம் மாறிற்று; கதிரவன் மாறவில்லை. ஜூன் மாதத்தில் இங்கே 5 மணியளவில் கதிரவன் உதிக்கிறான். டிசம்பரில் மாலை 5 மணியளவில் மறைந்துவிடுகிறான். நம் பஜாரின் மணிக்கூண்டு காட்டுவது நாட்டின் நேரம். வானம் காட்டுவது தீவின் நேரம்.

இதனால் நமக்கு வரும் இடர் யாது? நம் வீடுகளில் தொங்கும் தமிழ் நாட்காட்டி தாய்நாட்டில் அச்சானது. அதில் திங்கட்கிழமை இராகுகாலம் காலை 7.30 முதல் 9 வரை என்றிருக்கும். 6 மணிக்கு உதயம் என்று கொண்ட பொதுக்கணக்கு அது. பகலை எட்டாகப் பகுத்து இரண்டாம் பகுதியை எடுக்கும் முறைப்படி பார்த்தால், ஜூன் மாதத்தில் இங்கே அது 6.30 மணியளவிலேயே தொடங்கிவிடும். நாட்காட்டியை நம்பி 7 மணிக்கு நற்செயல் தொடங்குபவர், எதற்கு அஞ்சினாரோ அதனுள்ளேயே தொடங்குகிறார்.

விரத நாளும் அவ்வாறே. திதி முடியும் கணம் எவ்வூருக்கும் ஒன்றே. உதயம் ஊருக்கு ஊர் வேறு. ஜூன் மாதத்தில் ஒரு திதி காலை 5.20க்கு முடிவதாகக் கொள்வோம். சென்னையில் உதயத்திற்கு முன்னரே அது கழிந்துவிடும். இங்கோ உதயத்தில் அத்திதி இருக்கும். மாதப் பிறப்பும் இதற்கு விலக்கன்று. சங்கிராந்தி அத்தமனத்திற்கு முன் நிகழ்ந்தால் அன்றே மாதம் பிறக்கும் என்பது தமிழர் முறை. அத்தமனம் இங்கே முந்துவதால், மாலையில் நிகழும் சங்கிராந்தி சில வேளை இரு ஊருக்கும் இரு நாளைத் தரக்கூடும்.

எல்லாவற்றினும் கவனிக்கத்தக்கது பிள்ளைகளின் சாதகம். இங்கே பிறந்த குழந்தையின் நேரத்தை ஊரிலுள்ள மாமனுக்கோ தாத்தாவுக்கோ தெரிவித்துவிடுகிறோம். அங்குள்ள சோதிடர் தம் ஊர் உதயத்தைக் கொண்டு கணித்துவிட்டால் ஏறத்தாழ 50 நிமிட வேறுபாடு புகுந்துவிடும். சுமார் 2 மணிக்கு ஒருமுறை மாறும் லக்னத்தில் 50 நிமிடம் சிறிதன்று. பல குழந்தைகளுக்கு லக்னமே மாறிப்போகும். பின்னாளில் பொருத்தம் பார்க்கையில் நல்லதோர் இடம் இதனாலேயே தட்டிப்போகலாம். சோதிடத்தில் நம்பிக்கையில்லாதார் இதை நகைத்து விடலாம். நம்பிக்கையுடையோர் கணக்கையேனும் சரியாகக் கொள்ள வேண்டாமா?

நம் தீவின் நிலம்

நிலப்படத்தின் கதையும் இத்தகையதே. 1788, 1789ஆம் ஆண்டுகளில் ஆர்ச்சிபால்டு பிளேர் இத்தீவுகளின் கரையோரம் கப்பலில் சென்று அளந்தார். துறைமுக நகர் பின்னர் அவர் பெயரையே தாங்கிற்று. 2024 செப்டம்பரில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. நம் பஜாரின் பெயரோ தொலைவிலுள்ள ஸ்காட்லாந்து நகரொன்றின் பெயர். 1859இல் இவ்விடத்தில் ஆங்கிலேயரை எதிர்த்துப் பொருத அந்தமான் பழங்குடியினர் இம்மண்ணை என்ன சொல்லி அழைத்தனரோ, அப்பெயர் நம் நாவில் இல்லை. பெயரிட்டு வரைபவர் கையில் நிலம் மாறுகிறது.

கடலும் படத்தை மாற்றியதுண்டு. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்களுள் கடல்நீர் ஏறி நிலைத்துவிட்டது. அங்கே எவ்வரப்பு எங்கிருந்தது என்பது இன்று மூத்தோர் நினைவில் மட்டுமே உள்ளது. அவர்கள் மறைந்தால் அதுவும் மறையும்.

மாய நாட்டிற்கும் நம் நாட்டிற்கும் ஒரு பெரிய வேற்றுமையையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஆட்டத்தில் படத்தின் வெற்றிடம் 'வா' என்று அழைக்கும். இங்கோ வடக்கு சென்டினல் தீவை யாரும் அணுகலாகாது; 1956ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு விதிகள் அதைத் தடுக்கின்றன. அவ்வெற்றிடம் அங்கே வாழ்வோரின் உரிமை. அதை நிரப்பாமல் விடுவதே நாகரிகம்.

நாம் செய்யத்தக்கவை

மாய நாட்டை அளந்தறியும் திறமை பெற்ற பிள்ளைகளிடம் நம் தீவையும் ஒப்படைப்போமாக. மாதந்தோறும் முதல் நாளில் உதயத்தையும் அத்தமனத்தையும் அவர்கள் ஓர் ஏட்டில் குறிக்கட்டும். ஓராண்டில் நம் தீவின் பொழுது தெளிவாகிவிடும். சாதகம் கணிக்கக் கொடுக்கையில் வடக்கு 11 பாகை 40 கலை, கிழக்கு 92 பாகை 45 கலை என்ற அளவை எழுதிக் கொடுப்போம். ஒவ்வொரு வீட்டிலும் பாட்டனார் சொல்ல, பேரன் அல்லது பேத்தி தம் தெருவையும், 2004க்கு முன்னிருந்த வயலையும் கரையையும் ஒரு தாளில் வரையட்டும். அத்தாள்களைச் சங்கத்தில் சேர்த்துவைத்தால், பின்வரும் தலைமுறையினருக்கு அதனினும் சிறந்த சொத்து வேறில்லை.

எண்ணும் எழுத்தும் கண்ணெனத் தகும் என்றனர் நம் முன்னோர். குடியேறி வாழும் நமக்கு நாளும் நிலமும் அவ்வாறே இரு கண்களாம். இப்பணியைச் சித்திரைப் பிறப்புக்குக் காத்திராமல் அன்பர்கள் இம்மாதமே தொடங்குவார்களாக.