டைப் 1 சர்க்கரை நோய் இருந்தா நர்ஸ் ஆக முடியாதா? விதிகள் சொல்வது என்ன?

நெய்வேலி டவுன்ஷிப்புக்கு ஷிஃப்ட் வாழ்க்கை புதுசில்லை. சுரங்கமும் அனல்மின் நிலையமும் இரவு பகலா ஓடுற ஊர். அப்பா நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு பகல்ல தூங்குவார்னு டிவி சத்தத்தைக் குறைச்சு வளர்ந்த பிள்ளைகள் இங்கே நிறைய. அப்படி ஒரு வீட்டில், சின்ன வயசுலேருந்து இன்சுலின் போட்டுக்கிற பொண்ணு, ப்ளஸ் டூ முடிச்சதும் நர்சிங் படிக்கணும்னு சொன்னா முதல்ல வர்ற கேள்வி: "நைட் டூட்டி உன்னால முடியுமா?"

அதுக்கு முன்னாடி, விதி அனுமதிக்குதா?

இந்திய நர்சிங் கவுன்சிலின் 2020 பி.எஸ்சி நர்சிங் ஒழுங்குமுறைகளில், சேர்பவர் 'மருத்துவ ரீதியாகத் தகுதி' உள்ளவராக இருக்கணும்னு ஒரு வரி இருக்கு. சர்க்கரை, ஆஸ்துமா, வலிப்புன்னு நோய்ப் பெயர் போட்டுத் தடுக்கலை. அதனால முடிவு பெரும்பாலும் ஃபிட்னஸ் சான்றிதழில் கையெழுத்துப் போடும் டாக்டர் கையில்தான். மாற்றுத்திறனாளிகளுக்கு 5% இட ஒதுக்கீடு உண்டு. ஆனா அது காலில் 40 முதல் 50% வரை இயக்கக் குறைபாடு உள்ளவங்களுக்கு. இன்சுலின் போடுறவங்க பொதுப் போட்டியில்தான் வரணும்.

சிக்கல் வேலைக்குப் போன பிறகுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் தலசீமியா, ஹீமோபிலியா, மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் எல்லாம் இருக்கு. சர்க்கரை நோய், ஆஸ்துமா, வலிப்பு நோய் இல்லை. பட்டியலில் இருப்பவர் அரசுப் பணியில் இருந்தால், அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாத்தலாமே தவிர வேலையை விட்டு அனுப்ப முடியாது. 20-வது பிரிவு அப்படித்தான் சொல்லுது. எச்.ஐ.வி உள்ளவங்களுக்கு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த தனிச் சட்டமே இருக்கு. வேலை தர எச்.ஐ.வி பரிசோதனையைக் கட்டாயமாக்கக் கூடாது. டைப் 1 உள்ள நர்ஸுக்கு? டியூட்டி லிஸ்ட் போடும் இன்சார்ஜ் சிஸ்டரின் நல்ல மனசுதான் பாதுகாப்பு. இது நியாயமில்லை.

அதனாலதான் பலர் மறைக்கிறாங்க. பயம் புரியுது. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. விடியற்காலை மூணு மணி, ஐ.சி.யூ வேலையில் ராத்திரி சாப்பாடு தள்ளிப்போயிருக்கு, போட்ட இன்சுலின் மட்டும் உள்ளே வேலை செஞ்சுக்கிட்டிருக்கு. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினா கை நடுங்கும், வேர்க்கும், கவனம் சிதறும். அந்தக் கையில் நோயாளிக்கான மருந்து ஊசி இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் சிஸ்டருக்கு விஷயம் தெரிஞ்சிருந்தா, உங்க வேலையை அவங்க வாங்கிக்குவாங்க. நீங்க மூணு டீஸ்பூன் குளுக்கோஸ் கலக்கிக் குடிச்சு, 15 நிமிஷத்தில் மறுபடி டெஸ்ட் பண்ணிக்கலாம். தெரியலைன்னா, "தூக்கக் கலக்கம் போல"ன்னு விட்டுடுவாங்க. எல்லாருக்கும் சொல்ல வேண்டாம். கூட டூட்டி பார்க்கும் ஒருத்தருக்காவது சொல்லிடுங்க.

நைட் டூட்டிக்கான இன்சுலின் அளவும் நேரமும் பகல் கணக்கு இல்லை. டியூட்டி லிஸ்ட்டோட போய் டாக்டரிடம் தனியா எழுதி வாங்கணும். வலிப்பு நோய் இருக்கிறவங்களுக்கு இது இன்னும் முக்கியம், தூக்கம் கெட்டாலே வலிப்பு வரலாம். ஆஸ்துமாக்காரங்க கவனிக்க வேண்டியது வேற: கருவிகளைச் சுத்தப்படுத்தும் ரசாயன நெடியும், பவுடர் போட்ட லேட்டக்ஸ் கையுறையும்.

நர்சிங்னாலே எல்லோரும் சொல்ற ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலும் நாள்பட்ட நோயாளிதான். 1855-ல் கிரிமியாவில் வந்த காய்ச்சல், 1857-க்குப் பிறகு அவரைப் பல வருஷம் கட்டிலில் போட்டது. புருசெல்லோசிஸா இருக்கலாம்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. 1860-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நர்சிங் பள்ளி தொடங்கியது அதுக்கப்புறம்தான். ஆனா ஒண்ணு, அவர் வார்டு டூட்டிக்குத் திரும்பலை.

வார்டு மட்டுமே நர்சிங்கும் இல்லை. நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறது, ஓ.பி, தொற்றுத் தடுப்புப் பிரிவுன்னு பெரும்பாலும் பகல் வேலைகளும் இருக்கு. நெய்வேலிக்காரங்களுக்குத் தெரிஞ்ச இன்னொண்ணு: 500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் நர்ஸோட கூடிய ஆம்புலன்ஸ் அறை இருக்கணும்னு, 2025 வரை நடைமுறையில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 45-வது பிரிவு சொன்னது. ஆனா நாலு வருஷப் படிப்பில் வார்டு பயிற்சியைத் தாண்டித்தான் அங்கே போகணும். அதனால கல்லூரிக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க: பயிற்சியில் நைட் டூட்டி எந்த வருஷம், ஒரு தடவைக்கு எத்தனை நாள், சாப்பாட்டு இடைவேளை எப்போ?