ஓய்வு பெற்று 15 ஆண்டுகளுக்குப் பின் நோபல் பரிசு! - ஒரு கம்பெனி விஞ்ஞானியின் கதை

வலதுகால் செருப்பை இடதுகாலில் மாட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவு, ஒரே தோல், ஒரே தையல். ஆனாலும் கால் ஏற்காது. நாலடி வைப்பதற்குள் கடிக்கும்.

மருந்துகளிலும் இந்த இடது, வலது உண்டு. இரண்டிலும் அதே அணுக்கள்தான், அதே எண்ணிக்கைதான். ஆனால் ஒன்று மற்றொன்றின் கண்ணாடி பிம்பம் போல் இருக்கும். நம் உடம்பு இரண்டையும் ஒன்றாகப் பாவிப்பதில்லை. மூக்குக்குக்கூட வித்தியாசம் தெரியும். 'கார்வோன்' என்ற பொருளின் ஒரு வடிவம் புதினா வாசனை தரும். எதிர் வடிவமோ சதகுப்பை வாசனை தரும்!

இத்தகைய பொருளைச் சாதாரண முறையில் தயாரித்தால் இரண்டு வடிவங்களும் சரிபாதியாகக் கலந்தே வரும். பிறகு வேண்டியதைப் பிரித்தெடுக்க வேண்டும். செலவும் அதிகம், உழைப்பும் அதிகம்.

வேண்டிய வடிவத்தை மட்டும் தயாரிக்க முடியாதா? "முடியும்" என்று காட்டியவர் அமெரிக்க விஞ்ஞானி வில்லியம் நோல்ஸ்.

மாதச் சம்பளக்காரர்

நோல்ஸ் 1917-ம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். பள்ளியில் இரசாயனப் போட்டியில் வென்று 50 டாலர் பெற்றார். அதுதான் இத்துறையில் அவர் வாங்கிய முதல் பரிசு. ஹார்வர்டில் படித்து, 1942-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு மான்சாண்டோ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்ல, கம்பெனி ஊழியர்.

1966-ல் லண்டனில் ஜெஃப்ரி வில்கின்சன் என்ற விஞ்ஞானி, ரோடியம் உலோகம் அடங்கிய ஒரு கிரியா ஊக்கியைப் பற்றி வெளியிட்டார். கிரியா ஊக்கி என்பது தான் செலவாகாமல் இரசாயன மாற்றத்தை வேகப்படுத்தும் பொருள். ஒரு துளி, ஏராளமான மூலக்கூறுகளுக்கு வேலை செய்து கொடுக்கும்.

நோல்சுக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்த ஊக்கியையே 'இடது' அல்லது 'வலது' ஆக்கிவிட்டால்? ரோடியத்தோடு ஒட்டியிருந்த பாஸ்பரஸ் சேர்மத்தை நீக்கி, ஒரே பக்க வடிவம் மிகுந்த வேறொன்றைச் சேர்த்தார்.

57-க்கு 43!

1968-ல் முதல் முடிவு வந்தது. நூறு மூலக்கூறில் சுமார் 57 வேண்டிய பக்கம். 43 வேண்டாத பக்கம். இதை வைத்து மருந்து செய்ய முடியாது. வேறொருவர் என்றால் மூட்டை கட்டியிருப்பார். ஆனால் நோல்ஸ், 50-க்கு 50 என்ற தராசு முள் அசைந்துவிட்டதைக் கண்டார்.

அவரும் சக ஊழியர்களும் பாஸ்பரஸ் சேர்மங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். 'டைபாம்ப்' என்ற சேர்மம் கைகொடுத்தது. நூற்றுக்கு 97-க்கு மேல் வேண்டிய வடிவமே கிடைத்தது!

நடுங்கும் கைகளுக்கு மருந்து

அதே சமயத்தில் நடுக்குவாதத்துக்கு, அதாவது பார்க்கின்சன் நோய்க்கு, 'எல்-டோபா' நல்ல மருந்து என்று தெரியவந்திருந்தது. இந்த நோயாளிகளின் மூளையில் 'டோபமைன்' குறைந்துவிடும். அதை நேராகக் கொடுத்தால் மூளைக்குள் போகாது. எல்-டோபா உள்ளே போய் டோபமைனாக மாறும். ஆனால் இடது வடிவம்தான் பயன்படும். எதிர் வடிவம் உதவாததோடு, பக்க விளைவுகளையும் உண்டாக்கும்.

நோல்ஸ் முறையில் எல்-டோபா 1970-களிலேயே தொழிற்சாலையில் தயாராகத் தொடங்கியது. இத்தகைய கிரியா ஊக்கியைக் கொண்டு வியாபார ரீதியில் மருந்து தயாரித்தது உலகில் அதுவே முதல் தடவை. இன்றைக்கும் அந்நோய்க்கு முக்கிய மருந்து எல்-டோபாதான்.

1986-ல் நோல்ஸ் ஓய்வு பெற்றார். 2001-ல் நோபல் பரிசு தேடி வந்தது. ஜப்பானின் ரியோஜி நொயோரி, அமெரிக்காவின் பாரி ஷார்ப்லெஸ் ஆகியோருடன் அதைப் பகிர்ந்துகொண்டார். அப்போது நோல்சுக்கு வயது 84. 2012-ல் தமது 95-வது வயதில் காலமானார்.

காலையில் கார்டு போட்டு உள்ளே போய், மாலையில் வெளியே வரும் உத்தியோகம்தான் அவருடையதும். 57-ஐப் பார்த்து அவர் கை கழுவியிருந்தால் 97 வந்திருக்காது. நடுங்கும் கையோடு காப்பி டம்ளரைத் தூக்க முடியாமல் தவித்த எத்தனையோ பேர், அந்த டம்ளரை மறுபடி தாமே தூக்கிக் குடித்தார்களே, அதற்கு ஈடாக எந்தப் பரிசைச் சொல்வது?