சரித்திரமும் ஒரு தொழிலே

சரித்திரம் பயின்ற இளைஞருக்குப் பள்ளி உபாத்தியாயர் உத்தியோகம் ஒன்று, காட்சிச்சாலை உத்தியோகம் மற்றொன்று. இவ்விரண்டும் கிட்டாவிடில் அப்படிப்பு வீண் என்னும் எண்ணம் நம் கிராமங்களில் வேரூன்றியிருக்கிறது. அது சரியன்று. நெசவாளரின் கூலிக்கும் விவசாயியின் விளைபொருள் விலைக்கும் சரித்திர ஆராய்ச்சியோடு நேரடித் தொடர்பு உண்டு.

அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையின் சாந்தா பார்பரா கிளையில், 1976-ஆம் ஆண்டு, ராபர்ட் கெல்லி என்னும் பேராசிரியர் ‘பொது வரலாறு’ என்ற படிப்பைத் தொடங்கினார். ஆற்றுநீர் பற்றிய வழக்குகளில் பழைய தஸ்தாவேஜுகளை ஆராய்ந்து நிபுணராகச் சாட்சியம் அளித்த அனுபவம் அவருக்கு இருந்தது. வகுப்பறைக்கு வெளியே பொதுமக்களின் காரியங்களுக்குச் சரித்திரத்தைப் பயன்படுத்துவதே இப்படிப்பின் நோக்கமாகும்.

நம் நாட்டு உதாரணம் ஒன்றைக் காண்போம். ஓர் ஊரின் பெயரால் புகழ்பெற்ற சரக்குக்கு அவ்வூராருக்கே அப்பெயரின் உரிமையை வழங்கும் புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-ல் இயற்றப்பட்டு, 2003-ல் அமலுக்கு வந்தது. விண்ணப்பம் செய்வோர் சரக்கின் பூர்வீகத்துக்குச் சரித்திரச் சான்று காட்டுதல் வேண்டும். காஞ்சிபுரம் பட்டும் பவானி ஜமக்காளமும் 2005-06-ல் இக்குறியீட்டைப் பெற்றன. ஈரோடு மஞ்சள் 2019-ல் பெற்றது. பழைய அரசாங்க அறிக்கைகளையும் வியாபாரிகளின் கணக்கேடுகளையும் தேடிச் சான்று திரட்டுவது சரித்திரம் கற்றவர் செய்யத்தக்க வேலை. சான்று இல்லையேல் உரிமையும் இல்லை.

கூட்டேரிப்பட்டுக்கு வடமேற்கே உள்ள செஞ்சிக் கோட்டை, 2025 ஜூலையில், மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் சேர்க்கப்பட்டது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இன்றி மகேந்திரவர்மன் குடைவித்ததாகக் கல்வெட்டே கூறும் மண்டகப்பட்டுக் குகைக்கோயிலும் நம் பக்கத்தில்தான் இருக்கிறது. இவற்றைக் காண வருவோர்க்குப் பிழையின்றி எடுத்துரைக்க வழிகாட்டிகள் வேண்டும். விளக்கப் பலகைகளும் சிறு நூல்களும் எழுதுவோர் வேண்டும்.

ஏடுகளைப் பாதுகாப்பதும் ஒரு தொழிலே. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராயிருந்த ரோஜா முத்தையா தம் ஆயுள் முழுவதும் தமிழ் நூல்களைச் சேகரித்தார். அவர் காலமான பின், 1994-ல், சிகாகோ சர்வகலாசாலை அத்தொகுப்பை விலைக்கு வாங்கிற்று. அது சென்னையிலேயே நூலகமாக நிலைபெற்றது. அங்கே பட்டியல் தயாரிப்பதும், காகிதங்களைச் செப்பனிடுவதும், படம் பிடித்து வைப்பதும் பயிற்சி பெற்றோர் செய்யும் பணிகளாகும்.

இவ்வேலைகள் ஏராளமாக உள்ளன என்று சொல்வதற்கில்லை. பட்டம் மட்டும் போதாது. பழைய எழுத்தை வாசிக்கவும், முதியோர் சொல்வதைப் பொறுமையுடன் கேட்டுப் பதிவு செய்யவும், கணினியில் ஏற்றவும் பழக வேண்டும்.

அப்பழக்கத்தை நம் சங்கங்களிலேயே தொடங்கலாம். தீர்மானப் புத்தகங்கள், நூல் வழங்கிய பதிவேடுகள், கடன் பேரேடுகள், துணி மாதிரிகள் ஆகியவை அலமாரிகளில் கறையானுக்கு இரையாகின்றன. இடத்தை அடைக்கின்றன என்று அவற்றை எடைக்குப் போட்டுவிட்டால், எந்த ஊரில் எந்த ரகம் எப்போது நெய்யப்பட்டது என்பதற்கு நாளை சாட்சி இராது. ஆகவே, பழைய ஏடுகளை அகற்றுமுன் நிர்வாகிகள் அவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதிவைக்க ஏற்பாடு செய்வாராக. சரித்திரம் படித்த அங்கத்தினரின் மகனுக்கோ மகளுக்கோ அப்பணியைத் தகுந்த ஊதியத்துடன் அளித்தல் நலம்.