எண்ணெய்க் கழிவுநீரைப் பிரிக்கும் வழிகள்

பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைகளிலும் எந்திரப் பட்டறைகளிலும் வெளியேறும் கழிவுநீரில் எண்ணெய் ஒரே நிலையில் இருப்பதில்லை. ஒரு பகுதி படலமாக மிதக்கிறது. ஒரு பகுதி நுண்துளிகளாகச் சிதறிக் கிடக்கிறது. சோப்பு போன்ற பொருள்கள் சூழ்ந்துகொண்ட துளிகள், எளிதில் பிரியாத வெண்ணிறக் கலவையாக, அதாவது பால்மமாக, நிலைத்துவிடுகின்றன. எஞ்சிய சிறு பகுதி நீரில் கரைந்துவிடுகிறது.

எண்ணெய்த் துளி மேலேறும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது 19ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் வகுத்த விதியிலிருந்து பெறப்படுகிறது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான் எனப்படும். நீரின் அடர்த்தியில் பத்தில் ஒன்பது பங்கு அடர்த்தி கொண்ட எண்ணெயின் 150 மைக்ரான் துளி, அசைவற்ற நீரில் 1 மீட்டர் மேலேறச் சுமார் கால் மணி நேரம் போதும். 15 மைக்ரான் துளிக்கோ ஏறத்தாழ ஒரு நாள் தேவைப்படும்.

ஆகவே முதற்கட்டமாக, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வகுத்த நீண்ட பிரிப்புத் தொட்டியில் கழிவுநீர் மெல்ல நகரவிடப்படுகிறது. பெருந்துளிகள் மேலே மிதந்து வழித்தெடுக்கப்பட, மணலும் சேறும் அடியில் படிகின்றன. இதில் சிக்காத நுண்துளிகள் எதிர்மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று விலக்குவதால், படிகாரமோ ஃபெரிக் குளோரைடோ சேர்த்து அம்மின்னூட்டம் தணிக்கப்படுகிறது. திரண்ட துளிகளைத் தூக்க, அழுத்தத்தில் காற்று கரைக்கப்பட்ட நீர் தொட்டிக்குள் விடப்படுகிறது. அழுத்தம் குறைந்ததும் பிறக்கும் நுண்குமிழிகள் திரள்களில் ஒட்டிக்கொண்டு அவற்றை மேலே கொண்டுவருகின்றன. கரைந்த எண்ணெய்ப் பொருள்களைக் காற்றூட்டப்பட்ட தொட்டிகளில் வாழும் நுண்ணுயிரிகள் சிதைக்கின்றன.

இந்தியாவின் பொது விதிப்படி, உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீரில் எண்ணெயும் கொழுப்பும் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நல்ல நீர் ஊற்றி இந்த அளவை எட்டுவது சுத்திகரிப்பு ஆகாது. ஆற்றில் சேரும் எண்ணெயின் மொத்த அளவு அதனால் சிறிதும் குறைவதில்லை. பிரித்தெடுத்த எண்ணெய்க் கசடும் அபாயகரமான கழிவே என்பதால், அதிலிருந்து எண்ணெயை மீட்ட பின் எஞ்சியதை உரிய உலையில் எரிக்கவோ பாதுகாக்கப்பட்ட நிலநிரப்பில் இடவோ வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெய், மீனவர்களின் வலைகளையும் படகுகளையும் அலையாத்திச் செடிகளையும் கறையாக்கியது. எண்ணெய்க் கழிவும் மழைநீரும் கலவாத தனித்தனி வடிகால்களை அமைப்பதும், எண்ணெய் பால்மமாகும் முன்பே அது தோன்றும் இடத்தில் பிரித்தெடுப்பதும் ஒவ்வோர் ஆலையின் முதற்கடமையாக வேண்டும்.