பீடாதிபதி மாறினால் பிள்ளையின் படிப்பு என்னவாகும்?



ஒரு தோட்டத்தில் நடந்த விசயத்தை முதலில் சொல்கிறோம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பிள்ளை காய்ச்சல் காரணமாக ஒரு பாடத்திற்குப் பரீட்சை எழுதவில்லை. சில நாள் கழித்து லயத்துக்கு ஒரு கடிதம் வந்தது. மருத்துவச் சான்றிதழை இன்ன திகதிக்குள் அனுப்ப வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அப்பா அதற்கு முன்பு வந்த கடிதத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். அதில் ஒரு பெயர், இதில் வேறு பெயர். "யாரோ ஏமாத்துறாங்க" என்று கடிதத்தை அலுமாரியில் வைத்துவிட்டார். பத்து நாள் போனது. தற்செயலாக வீட்டுக்கு வந்த பாடசாலை ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஆள்தான் மாறியிருக்கு, ஆபீஸ் மாறல. புது பீடாதிபதி வந்திருக்காரு" என்றார். கெடு முடிய இரண்டு நாள்தான் இருந்தது. ஓடிப்போய்க் கொடுத்தார்கள்.

இந்த மாதிரி சங்கடம் நமக்கு வரக்கூடாது. அதனால் பீடாதிபதி என்றால் யார், அவர் எப்படி வருகிறார் என்பதைத் தெரிந்துகொள்வோம்.

பீடம் என்றால் என்ன?

ஒரு பல்கலைக்கழகம் பல பீடங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பேராதனையில் கலை, விஞ்ஞானம், பொறியியல், மருத்துவம், விவசாயம் என்று பல பீடங்கள் இருக்கின்றன. தோட்டத்தில் டிவிசன்கள் இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பீடத்துக்குள்ளும் தமிழ், புவியியல், இரசாயனவியல் என்று துறைகள் இருக்கும். துறைக்குத் தலைவர் ஒருவர். பீடம் முழுவதற்கும் தலைவர்தான் பீடாதிபதி. பிள்ளைகள் "டீன்" என்று சொல்வது இவரைத்தான்.

இங்கே ஒரு குழப்பம் வரலாம். பத்தனையில் உள்ள ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியின் தலைவரையும் நாம் பீடாதிபதி என்றுதான் அழைக்கிறோம். அது கல்வி அமைச்சின் கீழ் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரி. அங்கே அவர் முழுக் கல்லூரிக்கும் தலைவர். பல்கலைக்கழகத்தில் அப்படியில்லை. முழுப் பல்கலைக்கழகத்தையும் நடத்துபவர் துணைவேந்தர். பீடாதிபதி தன் பீடத்துக்கு மட்டுமே பொறுப்பு.

யார் தெரிவு செய்கிறார்கள்?

தோட்டத்துக்குப் புது துரையைக் கம்பனி அனுப்பும். நம்மிடம் கேட்பதில்லை. பீடாதிபதி அப்படி மேலிருந்து அனுப்பப்படுபவர் அல்ல. தோட்டக் கமிட்டித் தலைவரை நாமே தெரிவு செய்கிறோமே, அது போல என்று சொல்லலாம்.

1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டம் இதற்கு வழி வகுத்தது. பின்னர் அது பல தடவை திருத்தப்பட்டது. ஒவ்வொரு பீடத்துக்கும் பீடச் சபை என்று ஒன்று உண்டு. பீடத்தின் பேராசிரியர்களும் விரிவுரையாளர்களும் அதில் இருப்பார்கள். மாணவர்கள் தெரிவு செய்து அனுப்பும் இரண்டு மாணவர்களுக்கும் அதில் இடம் வைக்கப்பட்டது. இந்தச் சபைதான் பீடாதிபதியைத் தெரிவு செய்யும். துறைத் தலைவர்களுக்குள் ஒருவரைத் தெரிவு செய்யும்படி 1978 சட்டம் சொன்னது. பதவிக்காலம் மூன்று வருசம். விரும்பினால் அதே சபை அவரையே மறுபடியும் தெரிவு செய்யலாம்.

ஆகவே சில வருசத்துக்கு ஒரு தடவை பெயர் மாறுவது வழமையான காரியம். பதவி முடிந்தவர் பழையபடி விரிவுரைக்குப் போய்விடுவார்.

அவருடைய வேலை என்ன?

பீடத்தின் படிப்பையும் நிர்வாகத்தையும் பார்ப்பது அவர் வேலை. பீடச் சபைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார். பாடத்திட்டம், பரீட்சை பற்றி மூதவை கூடும்போதும், பணம், நியமனம் பற்றிப் பேரவை கூடும்போதும் தன் பீடத்துக்காகப் பேசுவார். பீடத்துக்கு ஆசிரியர் போதவில்லை, ஆய்வுகூடத்தில் சாமான் இல்லை என்றால் அதை எடுத்துச் சொல்ல வேண்டியவர் அவர்தான். அதனால்தான் நல்ல ஆளைத் தெரிவு செய்வது பிள்ளைகளுக்கும் முக்கியம்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

கடிதம் வந்தால் பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பல்கலைக்கழகத்தின் பெயர், பீடத்தின் பெயர், பிள்ளையின் பதிவு இலக்கம் மூன்றும் சரியா என்று பாருங்கள். பதில் பீடாதிபதி என்று போட்டு வேறொருவர் ஒப்பமிட்டிருந்தாலும் அது செல்லும். சந்தேகம் என்றால் பிள்ளையையே பீட அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ வந்தால் அன்றைக்கே தெரிந்தவரிடம் கொடுத்து வாசியுங்கள்.

நாம் எழுதும்போது ஆளின் பெயருக்கு எழுதாமல், "பீடாதிபதி, இன்ன பீடம்" என்று பதவிக்கு எழுதுங்கள். ஆள் மாறினாலும் கடிதம் உரிய மேசைக்குப் போய்ச் சேரும். பழைய பீடாதிபதி எழுத்தில் ஏதும் அனுமதி தந்திருந்தால் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். வாயால் சொன்னதைப் புதியவருக்குக் காட்ட முடியாது.

முக்கியமாக, பரீட்சைக்குப் போக முடியாமல் சுகவீனமோ வீட்டில் மரணமோ நேர்ந்தால் உடனே அறிவிக்க வேண்டும். கெடு எத்தனை நாள் என்பது பிள்ளைக்குக் கொடுத்த கைநூலில் இருக்கும். பீடாதிபதி எவ்வளவு நல்லவராக இருந்தாலும், திகதி கடந்து போனால் அவருக்கும் கை கட்டித்தான்.

கொழுந்து எடுத்துப் படிக்க வைத்த பிள்ளை. ஒரு கடிதத்தை அலுமாரியில் வைத்ததால் அதன் ஒரு வருசம் வீணாகப் போக வேண்டாம்.