போனில் உள்ள பாட்டு: வாங்கியதா, நகலா?

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடை. ஆட்டோ ஓட்டுபவர் ஒருவர் மெமரி கார்டை நீட்டுகிறார். பழைய பாட்டுகளாக 100 பாட்டு ஏற்றித் தரச் சொல்கிறார். 50 ரூபாய் கொடுக்கிறார். பத்து நிமிடத்தில் வேலை முடிகிறது. பில் கேட்டால் கடைப் பையன் சிரிக்கிறான். இப்படிப்பட்ட கடைகள் இந்தியாவில் பல ஊர்களில் உண்டு.

அந்த 50 ரூபாயில் பாட்டு எழுதியவருக்கு எவ்வளவு? இசையமைத்தவருக்கு எவ்வளவு? ஒரு பைசாகூடக் கிடையாது. பணம் முழுவதும் கடைக்கே.

கேசட் காலத்தில் நகலைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. ஒலிப்பதிவு செய்தவரின் பெயர், முகவரி, வெளியான ஆண்டு ஆகியவை அட்டையில் இருக்க வேண்டும். 1984இல் சட்டம் அப்படித் திருத்தப்பட்டது. நகல் கேசட்டில் அட்டை மங்கலாக இருக்கும். பாட்டோடு இரைச்சலும் கேட்கும்.

போனில் உள்ள பாட்டு வேறு மாதிரி. அது எண்களாகப் பதிந்த பாட்டு. அதை அப்படியே ஆயிரம் முறை நகல் எடுத்தாலும் ஓசை கெடாது. காதை நம்பிப் பயன் இல்லை.

பிறகு எதைப் பார்ப்பது? போனில் பாட்டின் விவரத்தைத் திறந்து பார்க்கலாம். பாடகர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஓர் இணையதளத்தின் பெயர் இருக்கிறதா? அது பெரும்பாலும் நகல்தான். ஆப்பிள் கம்பெனியின் ஐடியூன்ஸ் கடை 2012இல் இந்தியாவுக்கு வந்தது. அதில் வாங்கிய பாட்டுக்குள் வாங்கியவரின் பெயரே பதிந்திருக்கும். ஆனால் பாட்டுக்குள் இருக்கும் எழுத்துகளைத் தெரிந்தவர்கள் மாற்றிவிடுவார்கள். ஆகவே, நம்பக்கூடிய சாட்சி ரசீதுதான். முறையான கடையில் வாங்கினால் ரசீது மின்னஞ்சலில் வரும்.

மாதச் சந்தா கட்டிப் பாட்டுக் கேட்கும் செயலிகளும் இருக்கின்றன. அவற்றில் இறக்கி வைத்த பாட்டு அந்தச் செயலியில் மட்டுமே பாடும். சந்தா நின்றால் அந்தப் பாட்டும் நின்றுவிடும். இது வாடகை வீடு போல. சொந்தம் இல்லை, ஆனால் சட்டப்படி சரியானது.

பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் வருமானத்தில் பங்கு உண்டு என்று 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. தெரிந்தே நகல் எடுத்து விற்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. அபராதம் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை. கடையில் கூலிக்கு உட்கார்ந்து பாட்டு ஏற்றும் பையனுக்கு இது தெரியாமலே இருக்கலாம்.