பழைய டிராக்டர் சூடாகி இழுவை குறைகிறதா?

கோடை உழவுக்கு இறங்கிய டிராக்டர் நாலு சால் ஓடியதும் ரேடியேட்டரில் தண்ணீர் கொதிக்கிறது. கலப்பை சற்று ஆழமாக இறங்கினால் எஞ்சின் திணறுகிறது. கை மாறி வந்த டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகள் அடிக்கடி கூறும் குறை இது. பட்டறைக்குக் கொண்டு போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "எஞ்சினை இறக்கிப் பார்க்க வேண்டும்" என்பதுதான். இறக்கினால் பிஸ்டன், ரிங், லைனர், பேரிங் என்று செலவு வளரும். ஒரு போகத்து வருமானம் அதிலேயே போய்விடும். கோளாறு ரேடியேட்டர் அடைப்பாக இருந்தால் இவ்வளவு செலவு செய்தும் சூடு குறையாது. புது ரிங் போட்ட எஞ்சின், தேய்ந்து பழகும் வரை, முன்னைவிடச் சற்று அதிகமாகவே சூடாகும்.

எனவே எஞ்சினைத் திறக்கச் சம்மதிக்கும் முன் சொந்தக்காரர் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். சூடாவதால் இழுவை குறைகிறதா, இழுவை குறைந்ததால் சூடாகிறதா என்பதே அது. இதை அறிய அரை நாள் போதும். பெரிய கருவிகள் எதுவும் வேண்டியதில்லை.

டீசல் எரிந்து உண்டாகும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் உழவு வேலையாக மாறுகிறது. ஒரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மற்றொரு பங்கை ரேடியேட்டர் தண்ணீர் சுமந்து சென்று காற்றில் விட வேண்டும். தண்ணீரைச் சுற்றி ஓட வைக்கும் பம்பும், காற்றை இழுக்கும் விசிறியும் எஞ்சின் வேகத்தை நம்பியே சுழல்கின்றன. எஞ்சினுக்குச் சக்தி குறைந்தால் ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை முழுவதும் திறந்துவிடுவார். டீசல் அதிகம் போகும். ஆனால் எஞ்சின் வேகம் ஏறாது. விசிறியும் பம்பும் மெதுவாகவே சுற்றும். சூடு ஏறத்தானே செய்யும்? இப்படி இழுவைக் குறைவிலிருந்து பிறந்த சூட்டை ரேடியேட்டர் கோளாறு என்று எண்ணி ஏமாறுவோர் பலர். ஏற்ற கியரை விட்டு, வேகமான கியரில் திணறத் திணற உழுதால் நல்ல டிராக்டரும் இப்படியே சூடாகும்.

இழுவை நன்றாக இருந்து சூடு மட்டும் ஏறுமானால், கோளாறு தண்ணீர்ப் பக்கத்தில் இருக்கிறது. முதலில் ரேடியேட்டரின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். கதிரடித்த டிராக்டரில் வைக்கோல் தூசும் பதரும் மெல்லிய தகடுகளுக்கிடையே மெத்தை போல் அடைத்திருக்கும். முன்னாலிருந்து தண்ணீர் அடித்தால் அடைப்பு இன்னும் உள்ளே இறுகும். எஞ்சின் ஆறிய பிறகு விசிறிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி அடிக்க வேண்டும். அடுத்தது விசிறி பெல்ட். இரு கப்பிகளுக்கு நடுவே கட்டை விரலால் அழுத்தினால் அரை முதல் முக்கால் அங்குலம் வரை இறங்கலாம்; அதற்கு மேல் இறங்கினால் வழுக்கும். விசிறியைக் கழற்றி மாட்டியவர்கள் முன்பின்னாக மாட்டியிருப்பதும் உண்டு. அப்போதும் காற்று வரும், ஆனால் போதிய அளவு வராது.

உள்ளே இருக்கும் அடைப்பு கண்ணுக்குத் தெரியாது. எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, நிறுத்திய பின், ரேடியேட்டரின் முகத்தில் கையை வைத்துத் தடவிப் பாருங்கள். எங்கும் ஒரே மாதிரி, மேலிருந்து கீழாகப் படிப்படியாகச் சூடு குறைந்து வர வேண்டும். இடையே ஓரிடம் மட்டும் சில்லென்றிருந்தால் அங்குள்ள குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை. உப்புத் தண்ணீரை ஊற்றி வந்ததன் விளைவு இது. வெந்நீர்ப் பானையில் படிவது போன்ற வெள்ளைப் படிவம் சிலிண்டரைச் சுற்றியும் படிந்து, வெப்பம் தண்ணீருக்கு வராமல் தடுக்கும். ரேடியேட்டர் பட்டறையில் மேல், கீழ்த் தொட்டிகளைப் பிரித்து, குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்வார்கள். அதற்குப் பின் மழைநீரோ நல்ல தண்ணீரோ, கூலன்ட் கலந்து ஊற்றி வாருங்கள்.

ரேடியேட்டர் மூடியை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி இருந்தால் தண்ணீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்காது. 110 டிகிரி வரை தாங்கும். ரப்பர் போன மூடி, துணி சுற்றிய மூடி ஆகியவற்றால் இந்த லாபம் போய்விடும். கீழ் ஹோஸ் குழாயையும் கவனியுங்கள். உட்புறம் நைந்த ஹோஸ், எஞ்சின் வேகமாக ஓடும்போது உறிஞ்சப்பட்டுச் சப்பையாகி, தண்ணீர் வழியை அடைத்துவிடும். நிறுத்திப் பார்த்தால் பழையபடி உருண்டையாக நிற்கும். தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டால் சூடு தீரும் என்று பலர் சொல்வார்கள். சில எஞ்சின்களில் அது இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றிச் சூடு கூடும். மற்றவற்றில் எஞ்சின் சரியாகச் சூடேறாமல் சீக்கிரம் தேயும். சந்தேகமிருந்தால் அதைக் கழற்றி வெந்நீரில் போடுங்கள்; ஏறக்குறைய 80 டிகிரியில் திறக்கத் தொடங்கினால் நல்லது. திறக்காவிட்டால் புதிதாக மாற்றுங்கள்.

இழுவை குறைந்து, புகையும் அதிகமில்லாதிருந்தால் டீசல் போதவில்லை என்று பொருள். டீசல் பில்டர், அடியில் தேங்கிய தண்ணீர், குழாய் இணைப்புகளில் காற்றுக் கசிவு ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். ஆனால் அவற்றுக்கும் முன்னால் டீசல் டாங்கி மூடியைப் பாருங்கள். அதில் காற்றுப் புக ஒரு சிறு துவாரம் உண்டு. அது மண்ணடைத்தால் டீசல் இறங்க இறங்க டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, அரை மணி நேரம் நன்றாக ஓடிய டிராக்டர் மெல்ல மெல்லச் சோர்ந்து நிற்கும். சிறிது நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால் மறுபடி ஓடும். எனக்குத் தெரிந்த ஒருவர் இதற்காக டீசல் பம்பையே கழற்றிப் பழுது பார்த்துவிட்டார். பணம் கொடுத்து வந்த மறுநாளும் அதே கதை. கடைசியில் ஒரு பையன் டாங்கி மூடியைத் திறக்க, "புஸ்" என்று காற்று உள்ளே போன சத்தத்தில் விஷயம் வெளிப்பட்டது. ஓர் ஊசியால் தீர்ந்த வேலை.

சூடும் இழுவைக் குறைவும் சேர்ந்து வந்தால் புகையைப் பாருங்கள். கரும்புகை தொடர்ந்து வந்தால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. ஒரு லிட்டர் டீசல் முழுவதும் எரியக் குறைந்தது 10,000 லிட்டர் காற்று வேண்டும். அவ்வளவும் ஏர் கிளீனர் வழியாகவே போக வேண்டும். எண்ணெய்க் கிண்ணம் உள்ள ஏர் கிளீனரைக் கோடைப் புழுதியில் தினமும் திறந்து, சேறாகியிருந்தால் கழுவி, புது எண்ணெயைக் குறிப்பிட்ட கோடு வரை ஊற்றுங்கள். கோட்டுக்கு மேல் ஊற்றினால் எண்ணெயை எஞ்சின் உறிஞ்சிக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடும் ஆபத்து உண்டு. காகித வடிகட்டியை டீசலில் கழுவக் கூடாது. மெதுவாகத் தட்டி, உள்ளிருந்து வெளியே காற்றடித்து, நைந்திருந்தால் மாற்ற வேண்டும். வடிகட்டி நன்றாக இருந்தும் கரும்புகை நிற்காவிட்டால் நாசில்களைச் சோதனைக் கருவியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டீசல் பம்பைக் கழற்றி மாட்டிய பிறகு வந்த கோளாறானால் டைமிங் பின்தங்கியிருக்கலாம். அதைப் பம்பு மெக்கானிக்தான் சரி செய்ய வேண்டும்.

புகையும் சாதாரணமாக இருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பிரேக்கைத் தொடாமல் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, இரு பக்கப் பிரேக் கூடுகளுக்கு அருகே கையைக் கொண்டு போனால் அனலிலேயே தெரியும்.

இனி, உண்மையிலேயே எஞ்சினைத் திறக்க வேண்டிய நிலை. கசிவு எங்கும் இல்லாமல் தினமும் தண்ணீர் குறைவது, ஆயில் கம்பியில் பால் விட்ட காப்பி போன்ற நிறம், ஆயில் மட்டம் தானே உயர்வது ஆகியவை ஹெட் கேஸ்கெட் போனதற்கோ, ஹெட் வெடித்ததற்கோ அடையாளங்கள். ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் ஒரு சால்கூட ஓட்டக் கூடாது, பேரிங்குகள் போய்விடும். இதை உறுதி செய்ய, எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்கும் காலை வேளையில் விசிறி பெல்ட்டைக் கழற்றிவிட்டு, மூடியைத் திறந்து, ரேடியேட்டரை நிரப்பி, எஞ்சினை ஒரு நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். தண்ணீரில் குமிழிகள் இடைவிடாமல் எழுந்தால் சிலிண்டர் காற்று உள்ளே வருகிறது. அப்போது பட்டறைக்காரர் சொல்வது சரிதான். ஆயினும் ஹெட்டைக் கழற்றி அதன் முகம் வளைந்திருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வேலை. முழு எஞ்சினையும் இறக்குவது வேறு வேலை. நீலப் புகையும் ஆயில் குறைவும் இல்லாதபோது இரண்டாவது வேலைக்குத் தலையாட்டாதீர்கள்.

வயலில் தண்ணீர் கொதித்துவிட்டால் பதற வேண்டாம். பெல்ட் நன்றாக இருந்து தண்ணீரும் வெளியே கொட்டிவிடாமல் இருந்தால், கலப்பையைத் தூக்கி, கியரை எடுத்து, எஞ்சினை மெதுவாக ஓடவிடுங்கள். சூடு படிப்படியாக இறங்கும். பெல்ட் அறுந்திருந்தாலோ தண்ணீர் கொட்டிவிட்டாலோ உடனே நிறுத்த வேண்டும். மூடியைச் சூட்டோடு திறந்தவர்கள் முகமும் கையும் வெந்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். சூடான எஞ்சினில் வாய்க்கால் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும். விசிறிக்கு அருகே குனியும்போது தோளில் துண்டு தொங்கக் கூடாது.

பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் முன்கூட்டிச் சொல்லாமல் போய், எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால், ஆறும் வரை காத்திருங்கள். மூடியைத் திறந்து தண்ணீரில் எண்ணெய்ப் படலமோ துருவோ இருக்கிறதா என்று பார்த்த பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பிறகு கலப்பையைக் கட்டி, வெயில் நேரத்தில் ஒரு மணி நேரம் உழுது காட்டச் சொல்லுங்கள். வெப்ப மீட்டர் வேலை செய்யவில்லை, அது சும்மா சின்ன விஷயம் என்று விற்பவர் சொன்னால், அந்த ஒரு மணி நேரத்தை இரண்டாக்கிக் கேளுங்கள்.